ஜாயின்ட் போட்டோ

பத்தொன்பது வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத மனுசன் நாளைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறான் என்றால் வேலை எங்கே ஓடும்? இளவரசிக்கு ஓடவில்லை. துடைத்த காரையே இரண்டாம் தடவை துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி மாசத்து டெல்லி. காலை ஏழு மணி ஆகியும் சூரியன் இருக்கிற திசை தெரியவில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இந்த பிளாக்கில் நின்றால் எதிர் பிளாக் இல்லை, அவ்வளவு மூட்டம். பக்கெட் தண்ணீரில் கையை விட்டதும் ஒரு நிமிஷம் சுருக்சுருக்கென்று குத்தும். அப்புறம் கை இருக்கிற நினைப்பே போய்விடும். போனது போகட்டும் என்று வேலையைப் பார்க்க வேண்டியதுதான். எல்லாம் முடிந்து டீ கிளாஸைப் பிடிக்கும்போது அந்தக் கை திரும்பி வந்து உயிரை வாங்கும். தினம் இருபத்திரண்டு கார், பதினொரு வருஷம். விரல் கணுவெல்லாம் வெடித்து, சிவப்பாகப் பிளந்து கிடந்தது.

பேன்ட், முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. குல்லாவைக் கழற்றினால் கிராப்பு. புதுசாகக் குடிவருகிறவர்கள், "பையா, கண்ணாடியும் துடைச்சிடு" என்று இந்தியில் சொல்வார்கள். அவள் திருத்துவதில்லை. பையா என்று நினைக்கிற வரைக்கும் கார் கொடுப்பார்கள். பொம்பளை என்று தெரிந்த அன்றைக்கே, "பாத்திரம் தேய்க்க வர்றியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

வருகிறவன் பேர் இராஜமாணிக்கம். தாயம்மாளின் புருசன். தாயம்மாள் யார் என்றால், சாக்கடை நாலா ஓரத்து கேம்பில் இளவரசியோடு ஒரே ஜுக்கிக் குடிசையில், ஒரே போர்வைக்குள் பத்தொன்பது வருஷமாக இருக்கிறவள். அதற்கு மேல் சொல்ல கேம்பில் வார்த்தை இல்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சனம்தான் அங்கே பாதிக்கு மேல். எதற்கும் ஒரு பேர் வைக்காமல் விடாத சனம், இதற்கு மட்டும் வைக்கவில்லை. 'அந்த ரெண்டும்' என்பார்கள். குழாயடியில் அந்த ரெண்டும், ரேஷன் கடையில் அந்த ரெண்டும். காதுகுத்துக்கு அழைக்க வந்தாலும், "ரெண்டும் வந்துடுங்க" என்பதோடு சரி.

புருசன் பெண்டாட்டியாகத்தான் தாயம்மாளும் இராஜமாணிக்கமும் டெல்லிக்கு வந்தார்கள். மேம்பால வேலையில் கலவை சுமந்தார்கள். ஊரில் திருவிழா என்று போனவன் திரும்பவில்லை. ஆறு மாசம் கழித்து, அவன் வேறு ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று சேதி வந்தது. அதே வேலையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தவள் இளவரசி. கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி அண்ணன் அடித்த அடியில் ஒரு காது மந்தமாகி, அவன் வீட்டை விட்டு வந்தவள். சேதி வந்த அன்றைக்கு இளவரசிதான் தாயம்மாள் பக்கத்தில் வந்து குந்தினாள். பிறகு எழுந்து போகவே இல்லை. அந்த ஜுக்கியில் அவள் கை படாத செங்கல் கிடையாது. கூரைக்குத் தகரம் ஏற்றியது, சுவருக்குப் பூசியது, மழைக்காலத்தில் நாலாத் தண்ணீர் ஏறாமல் வாசற்படியை ஒரு முழம் உயர்த்திக் கட்டியது, எல்லாம் அவள்தான்.

போன வருஷம் கேம்பை எடுக்கப்போகிறோம், தகுதி உள்ளவர்களுக்கு நரேலாவில் ஃபிளாட் என்று சர்வே வந்தது. கையில் டேப்லெட்டோடு இரண்டு ஆபீஸர்கள். வாசலில் கேம்புத் தலைவன், பிரதான் மூக்கனும் ஏழெட்டு ஆம்பளைகளும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். புருசன் பேர் என்ன என்று கேட்டான் ஆபீஸர். பழைய வோட்டர் கார்டில் இராஜமாணிக்கம் என்று இருக்கிறதே, தாயம்மாள் அதையே சொல்லிவைத்தாள். பிறகு இளவரசியைக் காட்டி, இது யார் என்றான். தாயம்மாள் அவனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"மெஹ்மான் ஹை, சாப்."

விருந்தாளியாம். விருந்தாளி அப்போது அவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி முடித்து, இரண்டு பேர் கையிலும் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போய் நின்றாள். லிஸ்டில் அவள் பேர் ஏறவில்லை.

இப்போது லிஸ்டில் தாயம்மாள் பேர் பாஸாகி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை புருசனும் பெண்டாட்டியும் ஆபீஸுக்கு வந்து ஜாயின்ட் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் பேரிலும் ஃபிளாட். புருசன் இல்லை என்றால் செத்த சர்ட்டிபிகேட். இரண்டும் இல்லாவிட்டால் ஃபிளாட்டும் இல்லை.

"க்யா ஹுவா அக்கா, என்னாச்சு? அதே காரை எத்தனை தடவை துடைப்பேள்?"

ஜ்யோத்ஸ்னா. மினிஸ்ட்ரியில் ஆபீஸராக இருக்கிற சேஷன் சாரின் பெண். யுனிவர்சிட்டியில் என்னமோ ஆராய்ச்சி. சால்வையைப் போர்த்திக்கொண்டு, மாடிப்படி ஜன்னலில் இளவரசிக்கென்று வைத்திருக்கும் காது உடைந்த கப்பில் டீ கொண்டுவந்திருந்தாள். அந்த வீட்டில் இளவரசி மனசு விட்டுப் பேசுகிற ஒரே ஆள். அதற்குக் காரணம் உண்டு. ஜ்யோத்ஸ்னாவின் சிநேகிதி பிரியதர்ஷினி அடிக்கடி வந்து தங்குவாள். இரண்டு பெண்களும் படி இறங்கும்போது கை கோத்திருக்கும், கீழே வெளிச்சம் வரும் இடத்தில் கை விட்டுப்போகும். ஆள் யாராவது நின்றால் இளவரசி கீழேயிருந்து இருமுவாள். இரண்டு வருஷமாக இருமிக்கொண்டிருக்கிறாள். அதைப் பற்றி ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டதில்லை.

இளவரசி விஷயத்தைச் சொன்னாள். ஜ்யோத்ஸ்னாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அக்கா, இது அநியாயம். இந்த சர்க்கார் இருக்கே, ஒரு ஆம்பளையும் ஒரு பொம்மனாட்டியும் கல்யாணம் பண்ணிண்டாத்தான் குடும்பம்னு முடிவு பண்ணி வெச்சிருக்கு. ரேஷன் கார்டு, ஃபிளாட், ஹாஸ்பிடல் ஃபாரம், எல்லாத்தையும் அதுக்கு ஏத்தாப்ல டிசைன் பண்ணியிருக்கா. மத்லப், அதாவது, மத்தவாள்லாம் இல்லவே இல்லைங்கற மாதிரி. என் தீஸிஸே இதைப் பத்தித்தான்."

"எழுதி முடிச்சிட்டியா பாப்பா?"

"மூணாவது சாப்டர்ல நிக்கறது."

"ம்."

"நாமளே தேர்ந்தெடுத்துக்கற குடும்பம்னு ஒரு கான்செப்ட் இருக்கு அக்கா. ரத்த சம்பந்தம் வேண்டாம், தாலி வேண்டாம். யாரை நம்மவான்னு சொல்றோமோ அவாதான் குடும்பம்."

இளவரசிக்கு அது பிடித்துப்போனது. துணியைப் பிழிந்தபடி மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் சொல்லாததை இந்தப் பெண் சொல்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது. பிறகு கேட்டாள், "அதுக்கு ஃபாரம் இருக்குதா பாப்பா?"

"இல்லே அக்கா. ரெண்டு பொம்மனாட்டிகள் கல்யாணத்துக்கே கோர்ட்ல முடியாதுன்னுட்டா. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார். கேஸ் போடலாம். ஆனா டைம் ஆகும்."

"போட்டோ வெள்ளிக்கிழம."

டீயில் ஆடை கட்டியது.

"உன் ஃப்ரெண்டு வந்துருக்குதா?"

"பிரியாவா? மேலே தூங்கறா. அம்மாகிட்ட ஹைதராபாத்லேர்ந்து வந்த ரூம்மேட்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப உன் வூட்டுலயும் விருந்தாளிதான்."

சொன்ன பிறகு இளவரசிக்கே பாவமாக இருந்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "ஸாரி அக்கா" என்று எதற்கோ சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். இளவரசி டீயைக் குடித்தாள், கப்பைக் கழுவி, அதன் இடத்தில் ஜன்னலில் வைத்தாள். அந்தக் கப்பு எத்தனையாவது சாப்டரில் வரும் என்று கேட்க நினைத்திருந்தாள், கேட்கவில்லை. நல்ல பெண்தான். யாரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கேம்புக்குத் திரும்பும்போது சந்து முனையிலேயே வாசம் வந்துவிட்டது. நெத்திலிக் கருவாடு. எந்த வீட்டில் என்று நினைத்துக்கொண்டே வந்தவள் தன் வாசலில் வந்து நின்றாள். இளவரசிக்குக் கருவாடு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாக அந்த அடுப்பில் கருவாடு ஏறியதில்லை. இன்றைக்கு மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் கொதித்துக்கொண்டிருக்கிறது. தாயம்மாள் அடுப்புக்கு முன்னால் குந்தி, முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். டெல்லிப் புகை அவளுக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. குளிர்காலம் வந்தால் வாயில் அடிக்கிற மருந்துப் பம்பு இல்லாமல் மூச்சு விட முடியாது.

"நாளைக்கி வர்ற ஆளுக்கு இன்னிக்கே கொழம்பா?"

"கருவாட்டுக் கொழம்பு மறாநாளுதான்டி நல்லாருக்கும்."

"நல்லாத்தான் ஞாபகம் வச்சிருக்க."

"இதுல ஞாபகம் வச்சுக்க இன்னா இருக்குது? ரெண்டு ராவு ரயில்ல குந்திக்கினு வர்றாரு. ஒரு வா சோறு போடாம அனுப்பச் சொல்றியா? ஒனக்குத் தனியா ரசம் வச்சிருக்கன். சட்டிகூட வேற சட்டி."

"வர்றாரு. ரு."

"பின்ன எப்பிடிச் சொல்றது? வயசான மனுசன."

இளவரசி பக்கெட்டை மூலையில் வைத்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சண்டை போடக்கூட உடம்பில் தெம்பில்லை, இருந்தாலும் வாய் சும்மா கிடக்கவில்லை.

"மூக்கன் சொன்னாப்ல செத்த சர்ட்டிபிகேட்டே வாங்கியிருக்கலாம்."

"உசுரோட இருக்கற மனுசன நான் எப்பிடிடி சாவடிப்பன்? மாட்டிக்கினா ஜெயிலு. மாட்டலன்னா மட்டும் தூக்கம் வருமா? ஒம் மூக்கன் இன்னொண்ணும் சொன்னாரே, அதையும் சொல்லு."

மூக்கன் சொன்ன இன்னொன்று இதுதான்: "இளவரசி, ஒனக்கு ஒரு மீசைய ஒட்டி வுட்டா வேல முடிஞ்சிது. பேன்ட்டு சட்டதான் ஏற்கனவே கீதே." குழாயடியே சிரித்தது. இளவரசியும் சேர்ந்துதான் சிரித்தாள், என்ன செய்வது.

"எனக்கு அந்தாளு வர்றது இல்லடி வலி" என்றாள் இளவரசி. கோபமாக ஆரம்பித்தது, குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "பத்தரத்துல உன் பேரு, அந்தாளு பேரு. நாளைக்கி நீ மூச்சு முட்டிப் பூட்டன்னு வையி. அந்தாளு புள்ளைங்க ரயிலேறி வந்து சாவியக் கேப்பானுங்க. நான் இன்னான்னு சொல்லுவன்? யாரு நீன்னு கேட்டா, விருந்தாளின்னு சொல்றதா?"

"அந்த ஒத்த வார்த்தைய இன்னும் எத்தினி நாளு சொல்லிக் காட்டுவ?"

"நீ ஒரு நாளுதான் சொன்ன. நான் தெனம் சொல்லிப் பாத்துக்கறன்."

தாயம்மாள் கரண்டியைச் சட்டி மேல் குறுக்கே வைத்தாள். "பயந்துட்டன்டி. அத்தினி ஆம்பளைங்க வாய வாயப் பாக்கறானுங்க. தங்கச்சின்னா கார்டு எங்கன்னு கேப்பான். வேற ஒண்ணு சொன்னா, அப்பறம் இந்த சந்துல நடக்க முடியுமா? எப்பிடி வந்துச்சுன்னே தெரியாம வந்துடிச்சி. அன்னியிலருந்து நான் மட்டும் நிம்மதியா சோறு துன்றனா? கேம்ப எடுத்துட்டா எங்கடி போவோம்? வாடவைக்கிக் கேட்டா, புருசன் எங்க, ரெண்டு பொம்பளைக்கி ஊடு எதுக்குன்னு கேக்கறான். போன மாசம் நாலு எடம் ஏறி எறங்கல? ஊடுன்னு ஒண்ணு இருந்தாத்தான் நீ எம் பக்கத்துல இருக்கலாம். சண்ட போடறதுக்குக்கூட ஒரு ஊடு வேணும்ல?"

இளவரசி தட்டைப் போட்டுக்கொண்டு குந்தினாள். சாப்பிட்டு முடித்ததும் தாயம்மாள் கடுகெண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்து, அவள் கையைத் தன் மடியில் இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வெடிப்பாகத் தடவினாள். எரிந்தது. இளவரசி கையை இழுத்துக்கொள்ளவில்லை. கை முழுக்கக் கருவாட்டு வாசம்.

மறுநாள் ரயில் ஏழு மணி நேரம் லேட். மூட்டம். தாயம்மாளுக்கு அவள் வேலை செய்யும் வீட்டில் லீவு கொடுக்கவில்லை, அங்கே மதியம் பெண்கள் கூடும் கிட்டி பார்ட்டியாம். ஆக, ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவருகிற வேலையும் இளவரசி தலையில்தான் விழுந்தது. பாருங்கள் கொடுமையை. பிளாட்பாரத்தில் கை இரண்டையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று பத்தொன்பது வருஷமாகச் சேர்த்துவைத்திருந்தாள்.

இறங்கியது ஒரு கிழவன். அரைக்கைச் சட்டை, காதைச் சுற்றித் துண்டு, கையில் ஒரு ரெக்சின் பை. பல்லு கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. இவளைப் பார்த்து, "தம்பி, இந்த அட்ரஸு..." என்று சீட்டை நீட்டினான். சேர்த்துவைத்ததில் ஒன்றும் அவளுக்கு வாயில் வரவில்லை. "வாங்க. ஒங்களக் கூட்டிப்போவத்தான் வந்தன்" என்றாள்.

குரலைக் கேட்டு அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். "யம்மா, மன்னிச்சிக்க. கண்ணு சரியாத் தெரியல."

டீக்கடையில் அவனுக்கு டீயும், உப்பு பிஸ்கட் மாதிரி இருக்கும் மட்டியும் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சூட்டை முகத்தில் வாங்கினான்.

"நீ யாரும்மா? தாயம்மாளுக்கு ஒறவா?"

"கூட இருக்கறன்."

"ரொம்ப நாளாவா?"

"நீங்க போனதுலருந்து."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் மட்டியை டீயில் நனைத்து நனைத்துத் தின்றான். "நான் அவளுக்குப் பண்ணது பாவம்மா. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பிரதான் போன்ல சொன்னாரு, ஒரு போட்டோவுக்கு வந்து நின்னா அவளுக்கு ஊடு கெடைக்கும்னு. இதையாவது செஞ்சிட்டுச் சாவலாம்னு வந்தன். எங்கூட்டுக்காரிகிட்ட, ஆஸ்பத்திரிக்கிப் போறன்னு சொல்லிட்டு வந்துருக்கறன்."

"பத்தரத்துல ஒங்க பேரும் ஏறும்."

"எனக்கு எதுக்கும்மா டெல்லில ஊடு? வேணாம்." பிறகு, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உள்ளதைச் சொன்னான்: "ஆனா எம் மவனுங்க சார்பா நான் வாக்கு குடுக்க முடியாது. நான் சொல்லி அவனுங்க எதையும் கேட்டதில்ல."

திட்டலாம் என்றால் மனுசன் அப்படி ஒரு யோக்கியமாக உட்கார்ந்திருக்கிறான். இளவரசிக்கு வெறுப்பதற்குக்கூட ஒரு ஆள் மிஞ்சவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

தாயம்மாள் சாயந்தரம் வந்து அவனைப் பார்த்தாள். "வந்துட்டீங்களா" என்றாள். "வந்துட்டன்" என்றான். பத்தொன்பது வருஷத்துக்கு இரண்டு பேரும் பேசியது அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். பிரதான் வீட்டில் படுக்கை.

வெள்ளிக்கிழமை காலையில் அதே அரைக்கைச் சட்டையில் வந்து நின்றான், காலர் கிழிந்திருந்தது. உடம்பு உதறிக்கொண்டிருந்தது. தாயம்மாள் இளவரசியைப் பார்த்தாள். இளவரசி டிரங்குப் பெட்டியைத் திறந்து, போன பொங்கலுக்குத் தாயம்மாள் சரோஜினி மார்க்கெட்டில் பேரம் பேசி எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்து நீட்டினாள். அவனுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது.

ஆபீஸ் என்றால் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். சுவரில் வெள்ளைத் துணி, முன்னால் இரண்டு நாற்காலி, ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தாயம்மாளும் இராஜமாணிக்கமும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார்கள். "பாஸ், பாஸ்" என்றான் கேமராக்காரன், கிட்டே வரச் சொல்லி. இராஜமாணிக்கம் நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்தினான். தாயம்மாளின் செருப்பையும் பம்பையும் பையையும் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக இளவரசி நின்றாள். அவள் தோள் படத்தில் விழுந்ததோ என்னவோ.

"பையா, ஹட்டோ. ஃப்ரேம்லேர்ந்து வெளியே போ."

போனாள். ஃபிளாஷ் அடித்தது. முடிந்தது என்று நினைத்தால், அடுத்த மேஜையில் இருந்த கிளார்க் ஒரு தாளை இழுத்துப்போட்டு, இரண்டு சாட்சி வேண்டும் என்றான். ஒரு சாட்சி மூக்கன், போட்டாயிற்று. இன்னொரு சாட்சிக்கு வருகிறேன் என்ற ஆளைக் காணோம், அவன் போனையும் எடுக்கவில்லை. பின்னால் வரிசை கத்தியது. கிளார்க் நிமிர்ந்து இளவரசியைப் பார்த்தான்.

"நீ இவங்களுக்குத் தெரிஞ்சவளா?" இந்தியில்தான் கேட்டான். பொம்பளை என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டான்.

"தெரியும் சாப்."

"எத்தனை வருஷமா?"

"உன்னீஸ் சால்." பத்தொன்பது வருஷம்.

"நல்லது." தாளில் அச்சடித்திருந்ததைக் கடகடவென்று வாசித்தான். இவர்கள் இருவரையும் கணவன் மனைவியாக எனக்குத் தெரியும், இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள், இது சத்தியம். "இங்கே கையெழுத்து. உனக்கும் இவங்களுக்கும் என்ன உறவு?"

இளவரசி பேனாவைப் பிடித்தாள். வெடித்த விரலில் பேனா நிற்கவில்லை. என்ன சொல்லலாம் என்று அவள் யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்து சத்தமாக ஒரு குரல் வந்தது.

"கர் கீ ஹை, சாப்." தாயம்மாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மேஜையில் ஒரு கையை ஊன்றி நின்றாள். வீட்டு ஆள். "மேரே சாத் ரஹ்தீ ஹை. ஹமேஷா சே." என்னோடுதான் இருக்கிறாள், எப்போதும். மூக்கன் நின்றான், கேம்பு ஆம்பளைகள் நாலு பேர் நின்றார்கள், இராஜமாணிக்கம் நின்றான். எல்லார் காதிலும் விழுகிறாற்போல் சொன்னாள். மூச்சு வாங்கியது.

இளவரசிக்குக் காது அடைத்துக்கொண்டாற்போல் இருந்தது. நல்ல காதும்தான். ஐயோ தாயி, இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம், என்று உள்ளே ஒன்று அழுதது.

கிளார்க் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "வீட்டு ஆள் சாட்சி போட முடியாது. வெளியாள்தான் வேணும்." டேப்லெட்டில் விரலை ஓட்டினான். "வீட்டு ஆள்னா சர்வேயில ஏன் பேர் இல்லை? புருசன் பெண்டாட்டி ரெண்டே பேர்னுதானே எழுதியிருக்கு. எது பொய்? ஃபைலை மேலே அனுப்பி விசாரிக்கச் சொல்லட்டுமா?"

மூக்கன், "சாப், சாப்" என்று கெஞ்சினான். தாயம்மாளின் கை மேஜையிலிருந்து நழுவியது. அவள் உதடு மறுபடி திறப்பதை இளவரசி பார்த்தாள். இந்தத் தடவை பயந்து பின்வாங்குகிற வாய் இல்லை அது. இன்னும் ஏதோ சொல்லப்போகிற வாய். சொன்னால் ஃபைல் மேலே போகும். மேலே போன ஃபைல் எந்தக் காலத்தில் கீழே வந்திருக்கிறது?

"நஹீ சாப்" என்றாள் இளவரசி. "அவங்களுக்கு இந்தி சரியா வராது. நான் படோசி. பக்கத்து வீடு."

"பக்கா?"

"பக்கா சாப்."

கிளார்க் உறவு என்ற இடத்தில் படோசி என்று எழுதிக்கொண்டு தாளைத் திருப்பிப்போட்டான். தாயம்மாளும் இராஜமாணிக்கமும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள், இது சத்தியம் என்று இருந்ததற்குக் கீழே, இளவரசி தமிழில் தன் பேரை எழுதினாள். 'ள'வில் கொஞ்சம் ரத்தம் பட்டுவிட்டது. அவன் உஸ் என்று ஒற்றித்தாளை வைத்து அமுக்கினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. இராஜமாணிக்கம் முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நாலு ஸ்டாப் போனதும் திரும்பாமலே சொன்னான், "யம்மா, சட்டைய ஊருக்குப் போறப்ப கழட்டிக் குடுத்துர்றன்."

"போட்டுக்கினே போங்க. ரயில்ல குளுரும்."

அவனுக்கு இந்தி எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ, ஆபீஸில் எவ்வளவு புரிந்ததோ, அவனுக்குத்தான் வெளிச்சம். பின்சீட்டில் அந்த ரெண்டும் உட்கார்ந்திருந்தார்கள். தாயம்மாள் பம்பை ஒரு தரம் அடித்துக்கொண்டு மூச்சு சீராகும் வரைக்கும் காத்திருந்தாள்.

"நான் சொன்னன் இல்ல?"

"சொன்ன."

"எல்லாரும் இருக்கும்போதே சொன்னன்."

"கேட்டுச்சி."

"அப்பறம் ஏன்டி நீ இல்லன்னுட்ட?"

இளவரசி வெளியே பார்த்தாள். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை, எந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை. "அன்னிக்கி நீ விருந்தாளின்னு சொன்னது எனக்கு இத்தினி நாளாப் புரியல. எப்பிடி வாய் வந்துச்சு இவளுக்குன்னு நெனச்சி நெனச்சி மறுகுவன். இன்னிக்கி என் வாயே சொல்லுது. தானா வருதுடி. ஊடுன்னு வந்துட்டா தானா வருது."

தாயம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில், பகலில், கண்டக்டர் பார்க்க. ரத்தம் காய்ந்திருந்த விரலை முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சாவி குடுத்தாங்கன்னா மொதல்ல நீதான் தொறக்கணும்" என்றாள்.

"விருந்தாளி தொறக்கலாமா?"

"பக்கத்தூட்டுக்காரி தொறக்கலாம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாயம்மாளுக்குச் சிரிப்பு இருமலாகி, இருமலில் கண்ணீர் வந்து, அவள் அழுகிறாளா என்று இளவரசிக்குக் கடைசி வரை தெரியவில்லை. முன்சீட்டில் நீலக் கட்டச் சட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.